தந்தப் பிடில் பெற்ற தஞ்சை வடிவேலு

ஆலயத்தில் எழுந்தருளியிருக்கும் மூர்த்திக்குச் செய்யப்பெறும் உபசாரங்களில் கீதம், வாத்தியம், நிருத்தம் ஆகிய மூன்றும் அடங்கும் என்பது ஆகம விதி. தூபமும் தீபமும் நைவேத்தியமும் எவ்வாறு பூஜையின் அங்கங்களோ, அவ்வாறே பண்ணும் பரதமும் பூஜையின் அங்கங்களாம். இதனை நன்குணர்ந்த இராஜராஜ சோழ மன்னன், 1010ஆம் ஆண்டளவில் தஞ்சைப் பெருவுடையார் ஆலயத் திருப்பணியை நிறைவேற்றியபோது, 400 தளிச்சேரிப் பெண்டுகளை அங்கே குடியேற்றி, ஒவ்வொருவருக்கும் ஒரு மனையும் ஆண்டொன்றுக்கு 100 கலம் நெல்லும் கிடைக்க ஏற்பாடு செய்தான். ஆடுவோரோடு ஆட்டுவிக்கும் நட்டுவனார்களையும், பாடுவோரையும், குழலும் உடுக்கையும் இசைப்போரையும் நியமித்தான். அவன் பொறித்துவைத்த கல்லெழுத்துக்களை இன்றும் ஆலயத்தின் புறச்சுவரில் காணலாம்.

சோழர் ஆட்சி மறைந்தது. நாயக்கர் வந்தனர், அவர்களுக்குப் பின் மராட்டியர் வந்தனர். ஆயினும் பெருவுடையார் சந்நிதியில் நட்டுவாங்கத் தாளம் ஓயவில்லை. மராட்டிய மன்னர் காலத்தில் அத்திருப்பணியை ஏற்றிருந்த குடும்பங்களுள் கங்கைமுத்து நட்டுவனாரின் குடும்பம் தலைசிறந்தது. அவருடைய புதல்வர் சுப்பராய நட்டுவனார். சுப்பராயரின் மக்கள் நால்வர்: சின்னையா, பொன்னையா, சிவானந்தம், வடிவேலு. 1802ஆம் ஆண்டுக்கும் 1810ஆம் ஆண்டுக்கும் இடையே பிறந்த இச்சகோதரர்களையே உலகம் தஞ்சை நால்வர் எனப் போற்றுகிறது. அவர்களுள் இளையவரான வடிவேலுவின் சரிதமே இங்குச் சொல்லப்படுவது.

நால்வரும் சிறுவராயிருந்த காலத்தில் தஞ்சையை ஆண்டவர் இரண்டாம் சரபோஜி மகாராஜா. நாட்டின் ஆட்சியை 1799இல் ஆங்கிலேயக் கம்பெனியார் எடுத்துக்கொண்டுவிட்டமையால், மன்னருக்கு எஞ்சியது கோட்டையும் அதைச் சூழ்ந்த பகுதியுமே. ஆனால் அவருக்கு அறிவுலகம் எல்லையற்றிருந்தது. ஏடுகளையும் நூல்களையும் சேர்த்து சரஸ்வதி மகால் நூல்நிலையத்தை வளர்த்தார். மேனாட்டுச் சங்கீதத்திலும் ஈடுபாடு கொண்டு அரண்மனையில் பாண்டு வாத்தியக் குழுவொன்றை அமைத்தார். பிடில் என வழங்கும் வயலின் வாத்தியத்தின் ஒலி இவ்வாறு தஞ்சை வீதிகளில் கேட்கலாயிற்று. மன்னரின் மந்திரிகளுள் ஒருவரான வராகப்பையரே அவ்வாத்தியத்தில் வல்லவராயிருந்தார்.

இசையுலகில் நால்வருக்கு வாய்த்த பெரும்பேறு ஸ்ரீ முத்துஸ்வாமி தீக்ஷிதரின் சீடர்களானமை. 1775இல் திருவாரூரில் அவதரித்த அம்மகான் தஞ்சையில் தங்கியிருந்த காலத்தில் இவர்களுக்குச் சங்கீத சாஸ்திரத்தையும் கிருதிகளையும் போதித்தருளினார். மந்திர சாஸ்திரத்தில் தோய்ந்த அந்தணரான தீக்ஷிதர், கோயிலில் நட்டுவம் செய்யும் குடும்பத்துப் பிள்ளைகளை அருகிருத்திக் கற்பித்தது அக்காலத்தில் அரிய செயல் என்றே சொல்லவேண்டும். ஒருமுறை கேட்டதை அவ்வண்ணமே திருப்பிப் பாடும் ஆற்றல் படைத்திருந்த வடிவேலுவை, ஏகசந்தக்கிராகி என்று குருநாதர் மெச்சியதாகப் பரம்பரையினர் கூறுவர். குருதக்ஷிணையாக நால்வரும் பெருவுடையாரையும் பெரியநாயகி அம்மையையும் பற்றிப் பாடிய ஒன்பது கிருதிகள் நவரத்னமாலை எனப் பெயர் பெற்றன. குருநாதரின் குருகுக முத்திரையைத் தம் சாகித்தியங்களில் பக்தியோடு இழைத்துக் கொள்வது அவர்களது வழக்கமாயிற்று.

வடிவேலு பிடிலைக் கற்றது எவரிடம் என்பதில் ஒரு தவறான செய்தி பலகாலமாக உலவிவருகிறது. தஞ்சையில் கிறிஸ்தவத் தொண்டு புரிந்த ஸ்வார்ட்ஸ் பாதிரியாரிடம் அவர் பயின்றார் என்று எழுதுவோர் உண்டு. ஸ்வார்ட்ஸ் 1798இலேயே மறைந்தவர். வடிவேலு பிறந்ததோ 1810இல். எனவே அது பொருந்தாது. அப்பாதிரியார் விட்டுச்சென்ற சபையைச் சார்ந்த ஐரோப்பியர் ஒருவரிடமோ, அரண்மனைப் பாண்டு வாத்தியக்காரரிடமோ அவர் அடிப்படைப் பாடங்களைப் பெற்றிருத்தல் கூடும். தீக்ஷிதரின் குடும்பத்திலும் பிடில் புதிதன்று. தீக்ஷிதரின் இளைய சகோதரர் பாலுஸ்வாமி, மணலிப் பிரபுக்களின் ஆதரவில் சென்னையில் ஓர் ஐரோப்பியரிடம் அதைப் பயின்றிருந்தார். தீக்ஷிதரும் மேனாட்டு மெட்டுக்களுக்குச் சம்ஸ்கிருத சாகித்தியம் இயற்றியவரே. பிடிலை முதன்முதலில் நம் சங்கீதத்திற்கு எடுத்தவர் பாலுஸ்வாமியா, வராகப்பையரா, வடிவேலுவா என்று வழக்காடுவதில் பயனில்லை. மூவரும் ஏறத்தாழ ஒரு தலைமுறைக்குள் அத்துறையில் உழைத்தவர்கள்; ஒருவர் செய்ததை மற்றவர் அறிந்திருக்கவும் கூடும்.

ஆயினும் அந்த உழைப்பு எத்தகையது என்பதைச் சற்றே எண்ணிப் பார்த்தல் தகும். மேனாட்டார் பிடிலை நின்றுகொண்டு மோவாய்க்கட்டையில் தாங்கி வாசிப்பர். இடக்கை வாத்தியத்தைத் தாங்குவதிலும் பங்குகொள்வதால், விரல்கள் தந்தியில் நெடுந்தூரம் வழுக்கிச் செல்வது எளிதன்று. நம்மவரோ தரையில் அமர்ந்து, வாத்தியத்தின் தலைப்பகுதியை வலப்பாதத்தில் ஊன்றி, அடிப்பகுதியை மார்போடு சார்த்திக்கொண்டனர். இதனால் இடக்கை முற்றிலும் விடுதலை பெற்றது. நான்கு தந்திகளையும் மேனாட்டுச் சுருதி முறையை விட்டு, ஷட்ஜமும் பஞ்சமமுமாக அமைத்துக் கொண்டனர். வீணையைப் போல மெட்டுக்கள் இல்லாத வாத்தியம் ஆதலால், தோடியின் காந்தாரமும் சஹானாவின் ரிஷபமும் எந்த அசைவை வேண்டுகின்றனவோ அந்த அசைவை விரல் தடையின்றிக் கொடுத்தது. வில்லின் இழைப்போ பாடுவோரின் மூச்சைப் போல நீண்டு நின்றது. மேனாட்டிலிருந்து வந்த பியானோவும் பின்னர் வந்த ஹார்மோனியமும் நம் கமகங்களுக்கு இடங்கொடாது நின்றுவிட, பிடில் மட்டும் குரலின் நிழலாகித் தொடர்ந்தது இந்தக் காரணங்களினாலேயாம். மிருதங்கத்தின் தோலையும் சங்கின் ஓட்டையும் சந்நிதியில் ஏற்ற நம் மரபு, நாதம் தூயதாயிருப்பின் வாத்தியத்தின் குலங்கோத்திரம் கேட்பதில்லை.

இதே காலத்தில் நால்வரும் சதிர் ஆட்டத்திற்குச் செய்த தொண்டு தனியே ஒரு நூலாக விரியத்தக்கது. சின்னையா தாமே ஆடவும் வல்லவர். பொன்னையா சாகித்தியங்களை இயற்றுவதிலும், சிவானந்தம் நட்டுவாங்கத்திலும் சிறந்து விளங்கினர். வடிவேலு இசைக்குப் பொறுப்பேற்றார். அலாரிப்பு, ஜதிஸ்வரம், சப்தம், வர்ணம், பதம், தில்லானா என இன்று பரத நாட்டிய அரங்குகள் அனைத்திலும் வழங்கும் வரிசையை ஒழுங்குபடுத்தியவர்கள் இவர்களே. அந்த வரிசை ஆலயத்தினுள் கோபுரம் கடந்து, மண்டபங்கள் கடந்து, கர்ப்பக்கிருகத்தை அடைவதற்கு ஒப்பானது என்று 1975இல் தமிழிசை மாநாட்டில் பாலசரஸ்வதி அம்மையார் விளக்கியதை அன்பர்கள் பலர் அறிந்திருக்கக்கூடும். கோயிலில் பிறந்த குடும்பத்தார் வகுத்த முறை கோயிலின் அமைப்பைப் பெற்றது வியப்பன்று.

இவ்வாறு சந்நிதித் தொண்டும் சபைப் புகழும் ஒருங்கே வளர்ந்துவந்த நிலையில் ஒரு பெருந்துன்பம் நேர்ந்தது. அரண்மனைக்கும் இவர்களுக்கும் மனத்தாங்கல் ஏற்பட்டது. அதன் காரணத்தைப் பற்றி வெவ்வேறு கதைகள் வழங்குகின்றன. கோயில் பணியின் உரிமையும் மரியாதையும் பற்றியதே அது என்பதில் அவை பெரும்பாலும் ஒத்துப் போகின்றன. ஆலயம் அரண்மனையின் ஆதிக்கத்தில் இருந்தமையால், மன்னரின் கோபத்திற்கு ஆளானவர் பெருவுடையாரின் சந்நிதியையும் இழக்க வேண்டியதாயிற்று. நால்வரும் தஞ்சையை விட்டு வெளியேறினர்.

புலவருக்கும் பாடகருக்கும் ஓர் அரசவை போனால் இன்னோர் அரசவை உண்டு. கோயில் தொண்டருக்கு அவ்வாறு சொல்லிவிட இயலாது. தலைமுறை தலைமுறையாக எந்த மூர்த்தியின் முன்னர்த் தாளம் தட்டினார்களோ, எந்தத் திருவிழாவின் எந்த நாளில் எந்தப் பண் என்று சிறு பிராயம் முதற்கொண்டு மனத்தில் பதித்திருந்தார்களோ, அந்த மூர்த்தியைப் பிரிவது உயிரைப் பிரிவது போன்றதே. தாம் செய்யவேண்டிய உபசாரம் செய்யப்படாது போகுமே என்ற ஏக்கமும் அதனோடு சேர்ந்து கொள்ளும். நால்வரும் தெற்கு நோக்கி நடந்தபோது, இருபது வயதை ஒட்டிய வடிவேலுவின் கையில் எஞ்சியிருந்தது அவரது வித்தை ஒன்றே.

அந்நாளில் திருவிதாங்கூரை ஆண்டவர் ஸ்வாதித் திருநாள் மகாராஜா. 1813இல் பிறந்த அவர், கருவில் இருக்கும்போதே அரசுரிமை பெற்றவராதலால் கர்ப்ப ஸ்ரீமான் எனப்பட்டார். 1829இல், பதினாறாம் வயதில், ஆட்சிப் பொறுப்பைத் தாமே ஏற்றார். பன்மொழிப் புலமையும் சங்கீத ஞானமும் நிரம்பப் பெற்ற அம்மன்னரின் சபையில் இரயிம்மன் தம்பி முதலான கவிஞர்களும், மேருசுவாமி என்ற பாகவதரும், பாலக்காட்டுப் பரமேசுவர பாகவதரும் விளங்கினர். தஞ்சைச் சகோதரர்களுக்கும் அங்கே நல்வரவு கிடைத்தது.

அந்த நாட்டிற்கு ஒரு தனிச் சிறப்பு உண்டு. மார்த்தாண்டவர்ம மகாராஜா 1750இல் தம் இராஜ்யம் முழுவதையும் ஸ்ரீ அனந்தபத்மநாப சுவாமியின் திருவடிகளில் சமர்ப்பித்து, உடைவாளையும் அங்கேயே வைத்து வணங்கிப் பெற்றுக்கொண்டார். அன்று முதல் திருவிதாங்கூர் மன்னர்கள் தம்மைப் பத்மநாபதாசர் என்றே வழங்கிக்கொண்டனர். அரசன் கோபித்ததால் ஆண்டவனின் சந்நிதியை இழந்து வந்த ஒருவர், ஆண்டவனின் அடிமையென்று தம்மைச் சொல்லிக்கொள்ளும் ஓர் அரசரிடம் வந்து சேர்ந்தது திருவருளின் செயல் என்றே அடியார்கள் கொள்வர்.

நாளடைவில் சகோதரர்கள் பிரிந்தனர். பொன்னையாவும் சிவானந்தமும் தஞ்சைக்கே திரும்பினர். சின்னையா மைசூர் மன்னர் மூன்றாம் கிருஷ்ணராஜ உடையாரின் ஆதரவில் அமர்ந்தார். தஞ்சையில் 1832இல் சரபோஜி மன்னர் காலமாகி, அவர் புதல்வர் சிவாஜி பட்டத்திற்கு வந்திருந்தார். ஊர் திரும்பும் வழி அடைபட்டிருக்கவில்லை. ஆயினும் வடிவேலு திருவனந்தபுரத்திலேயே தங்கிவிட்டார். அவரைவிட மூன்று வயது இளையவரான மன்னர் அவரைத் தம் சபையின் ஆபரணமாகக் கொண்டதோடு, உற்ற நண்பராகவும் நடத்தினார்.

இருவரும் சேர்ந்து செய்த வேலை அளவிறந்தது. வர்ணங்கள், பதங்கள், தில்லானாக்கள் எனப் பல உருப்படிகள் அக்காலத்தில் உருப்பெற்றன. கேரளத்திற்கே உரிய மோகினியாட்டம் புத்துயிர் பெற்றதில் வடிவேலுவின் பங்கு பெரிதென்பது மரபு. அந்த உருப்படிகளுள் எவை மன்னருடையவை, எவை வடிவேலுவின் கைவண்ணம் என்பதில் பிற்காலத்தார் வழக்கிட்டதுண்டு. சில பாடல்கள் இருவர் பெயராலும் வழங்குகின்றன. ஸ்வாதித் திருநாளின் சாகித்தியங்களில் முத்திரையாகத் திகழ்வது பத்மநாபனின் திருநாமமே. பாடியவர்களே தம் பெயரை அவன் பெயருக்குள் ஒளித்துவைத்திருக்க, வழக்கைத் தீர்ப்பது எங்ஙனம்?

வடிவேலுவின் பிடில் வாசிப்பு மன்னரை வெகுவாகக் கவர்ந்தது. நாட்டிய அரங்கிலும் சங்கீத சபையிலும் குரலுக்குத் துணையாக அவ்வாத்தியம் அங்கே நிலைபெற்றது. வாய்ப்பாட்டிலும் வடிவேலு வல்லவராதலால், சாகித்தியத்தின் எழுத்துக்களை வில்லில் உச்சரிக்கும் நுட்பம் அவருக்கு இயல்பாக அமைந்திருக்கவேண்டும். 1834ஆம் ஆண்டில் ஸ்வாதித் திருநாள் மன்னர் தந்தத்தால் இழைத்த ஒரு பிடிலை அவருக்குப் பரிசளித்தார். தந்தச் சிற்பத்திற்குப் பெயர்பெற்றது அந்நாடு. பொன்னும் பட்டும் நிலமும் அளித்துச் சிறப்பிக்கும் அரசர்கள் பலர். ஐரோப்பியரின் பாண்டுக் குழுவிலிருந்து வந்த ஒரு வாத்தியத்தை, தம் நாட்டின் தலைசிறந்த கைவினையால் அழகுசெய்து, கோயில் நட்டுவனார் ஒருவரின் கையில் வைத்த அரசர் இவர். பிடில் இந்நாட்டுக்குரியதாயிற்று என்பதற்கு இதனினும் தக்க சாசனம் வேறில்லை.

வடிவேலுவின் வாழ்வில் பெரிதும் பேசப்படும் நிகழ்ச்சி ஒன்று திருவையாற்றில் நடந்ததாகக் கர்ணபரம்பரையாக வழங்குகிறது. ஸ்ரீ தியாகராஜ சுவாமிகளின் கிருதிகளைக் கேட்டு உருகிய ஸ்வாதித் திருநாள், அம்மகானைத் தம் சபைக்கு எழுந்தருளச் செய்யவேண்டுமென்று விழைந்தார். உஞ்சவிருத்தி எடுத்து வாழ்ந்த சுவாமிகள் தஞ்சை மன்னரின் அழைப்பையே ஏற்காதவர் என்பதை நாடறியும். ஆகவே அக்காரியம் வடிவேலுவிடம் ஒப்படைக்கப்பட்டது.

வடிவேலு நேரே சென்று அழைக்கவில்லை. சுவாமிகள் விடியற்காலையில் காவிரி ஸ்நானத்திற்குச் செல்லும் வழியில் ஓர் இல்லத்தில் தங்கி, அவர் வரும் வேளை பார்த்து நாள்தோறும் பாடிவந்தார். சுவாமிகள் முதலில் நடந்துகொண்டே கேட்டார். பிறகு நின்று கேட்டார். பிறகு பாடுபவர் யாரென்று விசாரித்தார். இவ்வாறு பழக்கம் முதிர்ந்து, ஒருநாள் சுவாமிகள் மனமுவந்து, வேண்டுவது யாதாயினும் தருவதாக வாக்களித்தார். அதற்கெனவே காத்திருந்த வடிவேலு, திருவனந்தபுரத்திற்கு எழுந்தருளவேண்டும் என்று விண்ணப்பித்தார். கொடுத்த வாக்கு ஒருபுறமும் கொண்ட விரதம் ஒருபுறமுமாகச் சுவாமிகள் ஒரு கணம் திகைத்தார் என்பர். பின்னர், தாமும் மன்னரும் சந்திக்கப் போவது உறுதியென்றும், அச்சந்திப்பு நிகழுமிடம் பகவானின் திருவடியே என்றும் கூறி விடைகொடுத்தருளினார்.

வடிவேலு அதற்குமேல் வற்புறுத்தவில்லை. தூது சென்றவர் வெறுங்கையராய்த் திரும்புவது அரசவையில் எளிய காரியமன்று. ஆனால் சபையையும் சந்நிதியையும் ஒப்பிட்டுச் சந்நிதியே பெரிதென்று சொன்ன ஒருவரின் உள்ளத்தை, சந்நிதியை இழந்தவரான வடிவேலுவைக் காட்டிலும் நன்றாக யாரால் உணர்ந்திருக்க முடியும்? மன்னரும் அவர்மீது குறை காணவில்லை. சுவாமிகள் வரவில்லையாயினும் அவருடைய கிருதிகள் திருவிதாங்கூரில் பரவின.

ஸ்வாதித் திருநாளின் பிற்காலம் துயரம் நிறைந்தது. 1840இல் ரெசிடெண்டாக வந்த ஜெனரல் கல்லன் ஆட்சியின் ஒவ்வொரு துறையிலும் தலையிட்டு மன்னரை வருத்தினார். மன்னர் மேன்மேலும் பூஜையிலும் இசையிலும் ஒதுங்கினார். வடிவேலுவும் 1840களின் நடுப்பகுதியில், நாற்பது வயதை எட்டுவதற்கு முன்னரே, திருவிதாங்கூர் மண்ணிலேயே உலக வாழ்வை நீத்தார். மன்னர் ஸ்வாதித் திருநாள் 1846 டிசம்பரில், முப்பத்துமூன்று வயதில் காலமானார். அதன்பின் இரண்டு வாரம் நிறைவதற்குள், 1847 ஜனவரி 6ஆம் நாள், திருவையாற்றில் ஸ்ரீ தியாகராஜ சுவாமிகள் சித்தியடைந்தார். காவிரிக்கரையில் சொல்லப்பட்ட வாக்கை நினைவிற்கொண்டு அடியார்கள் இந்நாட்களை எண்ணிப் பார்ப்பதுண்டு.

வடிவேலுவுக்குப் பின் ஐம்பது ஆண்டுகளுக்குள் பிடில் இல்லாத கச்சேரி அரிதாயிற்று. திருக்கோடிகாவல் கிருஷ்ணையர், மலைக்கோட்டை கோவிந்தசாமிப் பிள்ளை முதலிய மேதைகள் அதனைத் தனிச் சிகரத்திற்கு உயர்த்தினர். நால்வரின் குடும்பத்திலும் வித்தை குன்றவில்லை. அம்மரபில் வந்த பந்தணைநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளை பரதக்கலையின் பேராசானாக விளங்கி 1954இல் மறைந்தார். சிவானந்தத்தின் வழித்தோன்றலான பொன்னையா பிள்ளை 1933இல் சென்னை மியூசிக் அகாதெமியின் சங்கீத கலாநிதி விருது பெற்றார். முன்னோர் பெருவுடையார்மீது பாடிய சாகித்தியங்களை, தஞ்சைப் பெருவுடையான் பேரிசை என்ற பெயரால் ஸ்வரப்படுத்தி அவர் அச்சேற்றியதனாலேயே நவரத்னமாலை இன்று நமக்குக் கிடைக்கிறது. அவர் புதல்வர் கிட்டப்பா பிள்ளை 1999 வரை வாழ்ந்து, அவ்வுருப்படிகளைப் பலருக்குக் கற்பித்தார்.

ஸ்வாதித் திருநாள் அளித்த தந்தப் பிடில் திருவனந்தபுரத்தில் தங்கிவிடவில்லை. அது தஞ்சை மேலவீதியில் உள்ள நால்வர் இல்லத்தை அடைந்து, தலைமுறை தலைமுறையாகப் பாதுகாக்கப்பட்டு வந்திருக்கிறது. அவ்வீட்டிலிருந்து பெருவுடையார் சந்நிதிக்கு நடந்தே சென்றுவிடலாம்.